பொத்தானில் தடவிய மை

முதலில் கம்ப்யூட்டர் அணைந்தது, அதற்குப் பிறகுதான் ‘டிக்’ என்று சத்தம் வந்தது. அது முன்னால் வந்திருந்தால் வில்பர் பொருட்படுத்தியிருக்கவே மாட்டான்.

முற்றத்துக் குழாயடியில், ஜூன் மாத மலைக் குளிரில் விறைத்த கைகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தவன், காலையிலிருந்து அறைக்குள் ஓயாமல் இரைந்துகொண்டிருந்த விசிறிகள் ஒவ்வொன்றாக அடங்குவதையும், கடைசி விசிறி நிற்பதற்குள் அந்தச் சின்னச் சத்தம் எழுவதையும் கேட்டு, ஈரக்கையோடு உள்ளே ஓடினான். மேசையருகே அவன் மனைவி நியேவெஸ் துடைக்கிற துணியோடு நின்றிருந்தாள். தானாகவே அணைந்துவிட்டது என்றாள். ஒரு வாரமாக இதே கதைதான்.

அவன் கையாலேயே கட்டிய மெஷின் அது. மலைமேல் இருக்கிற எல் ஆல்ட்டோ நகரச் சந்தையில் பாகம் பாகமாகப் பொறுக்கி, கடைசியில் எவனோ தூக்கிப்போட்ட பழைய இரும்புப் பெட்டி ஒன்றையும் சுமந்துவந்து, எல்லாவற்றையும் அதற்குள் அடைத்து முடுக்கியிருந்தான். கட்டப்போகிற வீடுகளின் வண்ண முகப்பு எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே படமாக்கிக் கொடுப்பது அவன் பிழைப்பு. ஒரு படம் உருவாக ஒரு பகல் முழுக்க மெஷின் ஓடவேண்டும். நடுவில் அணைந்தால் அத்தனையும் பாழ். சாவோ பாவ்லோவில் ஒரு நிறுவனம் மாதிரிக்கு ஒரே ஒரு படம் கேட்டிருந்தது. பிடித்துப்போனால் அங்கேயே வேலை, புருஷனும் பெண்டாட்டியும் பிரேசிலுக்குக் குடிபெயர்ந்துவிடலாம். நியேவெஸுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை.

முதலில் சூடு என்று நினைத்தான். இந்த உயரத்தில் காற்று மெலிசு, விசிறி எவ்வளவு சுற்றினாலும் சூடு லேசில் இறங்காது. தூசு தட்டினான், சூட்டைக் கடத்துகிற பசையை மாற்றினான், கூடுதலாக ஒரு விசிறி மாட்டினான். அணைந்தது. ராம் மெமரியைக் கழற்றி மாற்றி மாட்டினான். அணைந்தது. இரவல் பவர் சப்ளை, வேறு வயர், வேறு பிளக். அணைந்தது. அதுவும் படம் முடியப்போகிற நேரமாகப் பார்த்து அணைந்ததுதான் அவனை அரித்துத் தின்றது. படம் முடியப்போகிறது என்று சூட்டுக்கு எப்படித் தெரியும்?

சந்தையில் கம்ப்யூட்டர் பாகம் விற்கும் நண்பன் ரெனேயிடம் போனில் புலம்பினான். மெஷின் தனக்குள் பதிந்துவைத்திருக்கிற பிழை வரியைப் படிக்கச் சொல்லிக் கேட்டவன், கேட்டதும் சிரித்துவிட்டான்.

“டேய், மெஷினுக்கு ஒண்ணும் இல்லடா. பட்டன யாரோ அமுக்கிப் புடிச்சுக்கிட்டே இருக்காங்க. அது சாகுற வரைக்கும் விரல எடுக்கறதில்ல.”

வில்பருக்கு அந்தச் சத்தம் இப்போது புரிந்தது. விரலை எடுத்ததும் பொத்தான் வெளியே வருகிற சத்தம்.

பொத்தானின் வயரைப் பிடுங்கிவிடு, தொல்லை விட்டது என்றான் ரெனே. வில்பர் பிடுங்கவில்லை. பிடுங்கினால் கோளாறு நிற்கும், ஆனால் யார் என்று தெரியாமலே போய்விடும். யார் என்ன யார்! வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

அன்றிலிருந்து ஒரு வாரம் அவளைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தான். சூப் ஊற்றும் கையைப் பார்த்தான், துணி மடிக்கும் கையைப் பார்த்தான், தூங்கும்போது போர்வைக்கு வெளியே கிடக்கிற கையைக்கூடப் பார்த்தான். ஜாடைமாடையாகக் கேட்டும் பார்த்தான். பிரேசிலுக்கு வர மாட்டேன் என்று முகத்துக்கு நேராகவே சொன்னவள் நான், உன் பெட்டியை ஏன் ஒளிந்து ஒளிந்து தொடப்போகிறேன் என்று அவள் திருப்பிக் கேட்டாள். நியாயமான கேள்வி. அவ்வளவு நியாயமாக இருந்ததே அவனுக்கு உறுத்தியது.

ஊதாச் சோளத்தைக் காய்ச்சி, சூடாக ‘அப்பி’ பானம் விற்கிறவள் அவள். விரல் நுனிகளில் எப்போதும் ஊதாக் கறை. அதனால் முத்திரை குத்துகிற மையில் பச்சையாகத் தேடி வாங்கினான். ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனதும் பொத்தானின் மேல் தாராளமாகத் தடவிவைத்தான்.

மத்தியானம் திரும்பி வந்தவள் சாப்பிட்டுவிட்டு, மெஷின் இருக்கிற அறையிலேயே திரைக்குப் பின்னால் கட்டிலில் சாய்ந்தாள். அவன் அடுப்படியில் உட்கார்ந்து, ஆறிப்போன சூப்பைக் கரண்டியால் கலக்குவதுபோல் பாவனை செய்துகொண்டு, தகரக் கூரை வெயிலில் முறுகுவதையும் விசிறிகளின் இரைச்சலையும் அதற்கு அடியில் மரத்தில் நகம் உரசுவதுபோல் வந்துபோன ஏதோ ஒன்றையும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருந்தான். வெளியே நல்ல வெயில். தெருவில் யாரோ பந்து விளையாடினார்கள்.

விசிறிகள் அடங்கின.

டிக்.

பாய்ந்துபோய்த் திரையை விலக்கி அவள் கைகளைப் பிடித்துத் திருப்பினான். பத்து விரலிலும் ஊதா. பச்சை ஒரு பொட்டுகூட இல்லை.

நியேவெஸ் தன் கையைப் பார்த்தாள், பொத்தானைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

“எலிக்கு வைக்கிற மாதிரி எனக்குப் பொறி வச்சியா?”

அதற்குமேல் அவள் கத்தவில்லை. எழுந்து மூட்டை கட்டுகிற துணியைக் கட்டிலில் விரித்தாள், பாவாடைகளை எடுத்து அடுக்கினாள். ஒரூரோ நகரத்தில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். வில்பருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இப்படி ஒருத்தியைப் போய்ச் சந்தேகப்பட்டோமே. காலில் விழுந்தாவது நிறுத்தவேண்டும் என்று நினைத்தவனின் கண் பெட்டியின் மேல் போனது.

பொத்தானில் மை வழித்து எடுக்கப்பட்டிருந்தது. பெட்டியின் மேல்பக்கத்தில் பச்சையாக விரல் தடங்கள். குழந்தை விரல் பருமன்தான். ஆனால் ஒவ்வொன்றும் அவன் உள்ளங்கை நீளம்.

திரையின் ஓரத்தில் பச்சை. கட்டில் சட்டத்தில் பச்சை. அவள் தலை வைத்திருந்த தலையணையில்.

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

“நீ உன் பெட்டியக் கட்டிக்கிட்டு அழு,” முதுகைக் காட்டியபடி பேசிக்கொண்டே இருந்தாள் நியேவெஸ். “எங்க அக்கா ஒண்ணும் என்ன—”

நின்றுவிட்டாள்.

கையில் பிடித்த பாவாடை அப்படியே அந்தரத்தில். அவன் முன்பக்கமாகச் சுற்றி வந்தான். கண் திறந்திருந்தது. அந்தக் குளிரில் அவள் வாயிலிருந்து ஆவி வரவில்லை.

“—வேணாம்னு சொல்லப்போறதில்ல,” என்று முடித்துவிட்டுப் பாவாடையை மடித்தாள்.

“இப்ப ஏன் நிறுத்துன?”

“எங்க நிறுத்துனேன்?”

அவள் குனிந்தாள். இரட்டைப் பின்னல் இரண்டு பக்கமும் சரிந்தது. பிடரியில் பச்சைத் தடங்கள். அதற்குக் கீழே மங்கலாக, கன்றிப்போன பழைய தடங்கள். ஒன்றின்மேல் ஒன்று. ஒரு வாரத்துத் தடங்கள்.

அவன் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்த வாரம்.

“நியேவெஸ், வெளிய வா. எதையும் எடுக்காத. வா.”

“கைய விடு. தொடாத என்ன.”

விடவில்லை. இழுத்தான். அவள் உதறிக்கொண்டு திரும்பினாள், திட்டுவதற்கு வாய் திறந்தாள்.

தொண்டைக் குழியில் தோல் அமுங்கியது. யாரும் தொடவில்லை. அவன் கண் முன்னால், பட்டப்பகலில், விரல் நுனி அளவுக்கு மெல்ல உள்ளே போயிற்று. அதைச் சுற்றிப் பச்சை கசிந்தது.

திறந்த வாயில் ஆவி இல்லை.

பொத்தான்போல் தோல் திரும்பி எழும் என்று காத்திருந்தான்.

அவள் கை அவன் கைக்குள் இன்னும் சூடாகத்தான் இருந்தது. கண் அவனையே பார்த்தபடி திறந்திருந்தது. தோல் அமுங்கியபடியே இருந்தது.