பூஜ்ய நெகட்டிவ்

"மில்தனை இன்னைக்கு அஞ்சு மணிக்கு வேலைய விட்டு அனுப்பப்போறேன்," என்றார் மருத்துவர் ஸுல்மா. "அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம்னுதான்."

மொந்தெவிதேயோ இரத்த தான மையத்தின் கணினிக் கோளாறுகளை விசாரிக்க வந்திருந்த அமில்கார் பெந்தாங்கோர் தலையசைத்தார்.

"பூஜ்ய நெகட்டிவ் இரத்தம் வேணும்னு நாலு கொடையாளர்களைக் கூப்பிட்டோம். வந்ததுல மூணு பேரு ஏ நெகட்டிவ்! சோதனைல பிடிபட்டுச்சு, பொழச்சோம். காலை ஷிஃப்ட்ல நம்ம ஊழியர் இராசி தேடுனா பட்டியல் சரியா வருது. மத்தியான ஷிஃப்ட்ல மில்தன் தேடுனா கலப்படம். பத்து நாளா இதே கதை."

"ஆமா, நான் கண்ண மூடிக்கிட்டுதானே தட்டுறேன்," என்றார் பக்கத்திலேயே நின்ற மில்தன், மாத்தே மூலிகைத் தேநீரை உறிஞ்சியபடி.

"தரவுத்தளத்துலதான் கோளாறு, சார்!" என்றாள் மையத்தின் நிரலாளர் நோயெலியா.

அமில்கார் கணினியின் தேடல் பதிவேட்டைத் திறந்தார். காலை வினவலில் நிபந்தனைகள் இரண்டு: இரத்தப் பிரிவு, நெகட்டிவ். மத்தியான வினவலில் ஒன்றே: நெகட்டிவ்.

"தரவுத்தளம் கேட்டதுக்குத்தான் பதில் சொல்லிருக்கு. கேள்விதான் குறைஞ்சுபோச்சு."

இராசியையும் மில்தனையும் அந்தப் பிரிவைத் தட்டச்சுச் செய்யச் சொன்னார். பிரேசில் எல்லையில் பிறந்த இராசி, அங்கே சொல்வதுபோல், "ஓ" என்று முணுமுணுத்து எழுத்தை அழுத்தினாள். மில்தன், ஓ பிரிவை மொந்தெவிதேயோ நகரமே சொல்வதுபோல், "பூஜ்யம்" என்று இலக்கத்தை அழுத்தினார்.

"படிவம் இலக்கத்தை எண்ணா மாத்திடுது. வினவலைக் கட்டுற பைத்தான் வரி, 'மதிப்பு இருந்தா நிபந்தனையைச் சேர்'னு சொல்லுது. அந்த இடத்துல பைத்தானுக்குப் பூஜ்யமும் ஒண்ணுதான், காலியும் ஒண்ணுதான். பிரிவு விட்டுப்போச்சு, எல்லா நெகட்டிவும் வந்துடுச்சு. காலிப் பட்டியல் வந்திருந்தா அன்னைக்கே முழிச்சிருப்பீங்க," என்றார் அமில்கார்.

"கேட்டுச்சா டாக்டர்?" மில்தன் சிரித்தார். "அந்த வரியை எழுதின மகராசன் யாரு?"

"நான்தான்," என்றாள் நோயெலியா. "போன வாரத்துக்கு முந்தின வாரம் மாத்தினேன்."

மில்தனின் சிரிப்பு நின்றது. ஸுல்மா அமில்காரைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமா?"

"வரியோட ஓரத்துலயே பேரு இருக்கு, டாக்டர். அவங்களே சொல்லட்டும்னு இருந்தேன்."

"அப்போ அஞ்சு மணிக்கு நீ..." என்று ஸுல்மா நோயெலியா பக்கம் திரும்பினார்.

"வேணாம், டாக்டர்," என்றார் மில்தன். "பத்து நாளா அந்த இடத்துல நான் நின்னுட்டேன். நல்லா இல்ல."