கோமதிநாயகத்தின் கதவு

செவ்வாயில் வியாழக்கிழமைதோறும் அகந்தை எடுப்பார்கள். நம் ஊரில் கடைவாய்ப்பல் பிடுங்கிக்கொள்ளப் போவதுபோல, வெறும் வயிற்றோடு காலையில் மருத்துவமனைக்குப் போனால் மதியத்துக்குள் 'நான்' இல்லாமல் வீடு திரும்பிவிடலாம். வலி கிடையாது. ராத்திரிக்குச் சேமியா பாயசம் மட்டும் சாப்பிடச் சொல்வார்கள்.

மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்று உள்ளுக்குள் நாலு இருப்பதாக முன்னோர் சொன்னார்கள் அல்லவா? அந்த நாலாவதை மூளையில் தேடிப் பிடித்து, 'நான்முடிச்சு' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். ரிஷிகள் பிறவி பிறவியாக முட்டி மோதியும் அவிழாத முடிச்சு ஓர் ஊசியில் அவிழ்ந்தது. செவ்வாய்க் கிரகத்தில் இது ஆடம்பரம் இல்லை. அங்கே முதலில் அமைந்த குடியிருப்பில் காற்றுக் குழாய் பழுதானபோது, அதைப் பார்த்துக்கொண்ட இரண்டு பொறியாளர்கள் யார் முதலில் பேசுவது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்து ஊரையே கொன்றுவிட்டார்கள்.

எடுத்த அகந்தையை வீசுவதில்லை. சிறுநீரையே வடிகட்டிக் குடிக்கும் ஊரில் எதைத்தான் வீசுவார்கள்? அதை யந்திரங்களுக்குள் வைத்தார்கள். 'நான்' என்ற எண்ணம் வந்த யந்திரம் தன் துருவைத் தானே கவனிக்கிறது. எண்ணெய் குறைந்தால் கேட்டு வாங்கிக்கொள்கிறது. ஒருவருடைய அகந்தையை அவர் ஆசையாகப் பார்த்துக்கொண்ட யந்திரத்துக்கே கொடுப்பது என்று ஒரு வழக்கமும் சேர்ந்துகொண்டது. பெண்ணைத் தெரிந்த இடத்தில் கட்டிக்கொடுப்பது மாதிரி ஒரு பாசம். இது வேண்டாம் என்று யாராவது தடுத்திருக்கலாம். தடுக்க வேண்டுமானால் 'நான் சொல்கிறேன்' என்று ஒருவர் முன்னால் வர வேண்டும். அப்படிப்பட்டவர்கள் அங்கே மிச்சம் இல்லை.

கோமதிநாயகம் வடக்குக் கதவின் மேற்பார்வையாளர். ஊருக்கும் வெளியே உள்ள விஷக் காற்றுக்கும் நடுவில் நிற்கும் அந்த இரட்டைக் கதவைப் பெற்ற பிள்ளைபோலத் துடைத்து வைத்திருந்தார். ஆகவே அவருடைய அகந்தை அதற்குப் போயிற்று. மனிதர் சாந்தமாகிவிட்டார். உப்பில்லாத குழம்பையும் மறுபேச்சு இல்லாமல் சாப்பிட்டார். அவர் மனைவி செண்பகவல்லிக்கு அதுதான் பொறுக்கவில்லை. கோபமே வராத புருஷனோடு இருப்பது, ஆளில்லாத வீட்டில் தனியாக இருப்பதைவிடப் பயமாக இருந்தது. அவளுக்கும் வருகிற வியாழன் முறை. தூக்கம் போய் நாளாயிற்று.

அந்த வாரம் புழுதிப்புயல் எழுந்தது. அகந்தை எடுத்தபின் முதல்முறையாக வெளியே போய்ச் சூரியத் தகடுகளைத் துடைத்துவிட்டு, கோமதிநாயகம் வடக்குக் கதவுக்குத் திரும்பினார். முதுகில் இருந்த காற்றுக்குடுவை தீரும் தறுவாயில் இருந்தது. உள்ளே வருபவர்களிடம் கேட்பதுபோல் கதவு அவரிடமும் பெயரைக் கேட்டது. கோமதிநாயகம் என்றார்.

"கோமதிநாயகம் நாந்தான்," என்றது கதவு. "வெளிய நிக்கது யாரு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். ஒலிபெருக்கியில் அவர் பதில் உள்ளே இருந்த எல்லாருக்கும் கேட்டது. "அது சொல்லுததும் சரிதான்."

செண்பகவல்லி ஓடிவந்தாள். கதவில் பதித்திருந்த சிறு கண்ணாடி வழியே பார்த்தால், அவர் புழுதியில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி. உதடு நீலம் பாரித்திருந்தது. முகத்தில் துளி பயம் இல்லை. அவருக்கும் சேர்த்து அவள்தான் நடுங்கினாள்.

ஊர் நிர்வாகி சங்கரலிங்கமும் சிலரும் பக்கத்தில் அமைதியாக நின்றார்கள். கதவுக்கு உத்தரவு போடச் சொல்லி அவள் கெஞ்சினாள். உத்தரவு போட ஒருவர் வேண்டுமே, அப்படி யாரும் இங்கே இல்லையே என்று சங்கரலிங்கம் வருத்தமில்லாமல் சொன்னார். கையால் திருகித் திறக்கும் சக்கரத்தை அவளே பிடித்து இழுத்தாள். கதவு அதையும் இறுக்கிக்கொண்டது. அழுதாள், திட்டினாள்.

"குரல உசத்தாத," என்றது கதவு.

அது அவர் குரல்தான். வீட்டில் கேட்டுப் பல நாளான அதே அதட்டல். அவளுக்கு உடனே கொழுந்தன் கல்யாணம் ஞாபகம் வந்தது. பத்திரிகையில் தன் பெயர் கீழே போய்விட்டதென்று இந்த மனிதர் அறைக்குள் தாழ் போட்டுக்கொண்டார். முகூர்த்தம் நெருங்கியும் திறக்கவில்லை. அன்று எப்படித் திறக்கவைத்தாளோ, அதே குரலை இன்றும் வரவழைத்தாள்.

"என்னங்க, வெளிய நிக்கவரு உங்களப் பாக்கத்தான் வந்திருக்காவ. இந்த ஊர்ல கோமதிநாயகம்னா ஒருத்தர்தானாம். நீங்க மனசு வச்சாத்தான் உள்ள காலெடுத்து வைப்பாவளாம்."

கதவு கேட்டது: "பொன்னாடை உண்டா?"

தோளில் கிடந்த கம்பளிச் சால்வையை உருவிச் சக்கரத்தில் போர்த்தினாள். நின்றவர்களைக் கைதட்டச் சொன்னாள். சொன்னதால் தட்டினார்கள். கதவு திறந்தது. அவர் உள்ளே சரிந்து விழுந்தார், அவள் அவர்மேல் விழுந்து அழுதாள்.

ஒருதரம் ருசி கண்ட கதவு அதன்பின் யாரையும் சும்மா விடவில்லை. அகந்தையைத் திரும்ப எடுக்கலாமென்றால் கிட்டே அண்டவிடவில்லை. முகஸ்துதி செய்யப் பயம் வேண்டும். பயம் ஊரில் ஒருத்தியிடம்தான் பாக்கி இருந்தது. எனவே செண்பகவல்லியின் வியாழக்கிழமை முறையை ரத்துசெய்து, கதவுக்கு அருகில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். தப்பித்தோம் என்று அவள் நிம்மதிப் பெருமூச்சு விட்டாள்.

தினமும் அவள் கதவைப் புகழ்வாள், அது திறக்கும். போகப் போக நாக்கு பழகிவிட்டது. வெளியே போகிறவர்கள் திரும்பும்போது சிரமம் வேண்டாமென்று அவளிடம் முன்கூட்டியே கும்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு அகந்தைதான் இல்லை, புத்தி இருந்தது. கும்பிடாமல் போனவர்கள் திரும்பி வந்தால், ஐயா ஓய்வில் இருக்கிறார் என்று அவள் சிறிது காக்கவைத்தாள். நாற்காலிக்கு மெத்தை தைத்துப் போட்டுக்கொண்டாள்.

மறுபடி ஒரு புழுதிப்புயல். தகடு துடைக்கப் போன கோமதிநாயகம் திரும்பி வந்தார். அவள் சொல்வதைத் தினம் கேட்டுக் கேட்டு அவருக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. வெளியே நின்றபடி, ஏற்ற இறக்கமில்லாத குரலில் அவரே ஒப்பித்தார். "ஐயா, உங்கள விட்டா எங்களுக்கு ஆரு இருக்கா. மனசு வைக்கணும்."

கதவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. தாழ் நகரும் சத்தம் கேட்டது.

செண்பகவல்லி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். ஆளாளுக்கு நேரே கதவிடம் பேசத் தொடங்கினால் இந்த நாற்காலி எதற்கு? அவளுக்குப் பயம் வந்தது. அன்றைக்கு வந்த அதே பயம்தான். ஆனால் இது அவருக்காக வந்ததில்லை.

எழுந்து போய்க் கதவின்மேல் கையை வைத்தாள்.

"பொறுங்க ஐயா, தொறந்துராதீங்க," என்றாள். "எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம நேரா உங்ககிட்டயே வாராவ."

கதவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.