முதல் வரிசைக் குடை

அம்பாரோ தன் ஐஸ்கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறாள் என்பதைப் பார்த்ததுமே நிகாசியோ கையிலிருந்த தபால் கட்டைக் கீழே வைத்தார். ஜூலை மாதம், வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி. ஸ்பெயினின் கடற்கரை ஊரான பெனிமராவில் அந்த நேரத்தில் ஒருவர் கடையைப் பூட்டுகிறார் என்றால் அவருக்குப் பைத்தியம் பிடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் வேண்டியவர் வீட்டில் சாவு விழுந்திருக்க வேண்டும்.

மருந்துக்கடை மேசைக்கு அந்தப்புறம், ஊரே 'தோன்யா' என்று மரியாதையாகக் கூப்பிடும் லியோகாதியா இருமல் மருந்தை அளந்து ஊற்றிக்கொண்டிருந்தார். அறுபது வயது, கனத்த உடம்பு. ஊரில் யார் எதற்காகத் தூக்கம் வராமல் புரளுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். வெளியே சொல்லவும் மாட்டார். காணாமல் போன நகையிலிருந்து மொட்டைக் கடிதம் வரை ஏழெட்டுச் சிக்கல்களை நாற்காலியை விட்டு எழாமலே அவிழ்த்திருக்கிறார். எழுந்து ஓடுகிற வேலையெல்லாம் தபால்காரர் நிகாசியோவுக்கு. அதனால் கடிதங்கள் ஒருநாள் பிந்தினால் ஊர் செத்துவிடாது என்பது நிகாசியோவின் எண்ணம்.

"எலிசேயோ போயிட்டாரு, தோன்யா. பாறையில கிடந்தாரு," என்றாள் அம்பாரோ.

எலிசேயோ ஊரின் வரலாற்றாசிரியர். நகரசபை கொடுத்த பட்டம் அது; சம்பளம் கிடையாது. ஊரின் முதல் ஹோட்டலுக்கு இருபத்தைந்து வயது ஆவதை ஒட்டி, பெனிமராவின் வரலாற்றையும் பார்க்க வேண்டிய இடங்களையும் பற்றி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். காலை எட்டு மணிக்கு, குன்றின் மேல் கடலைப் பார்த்து நிற்கும் 'கடல் பால்கனி' திட்டுக்குக் கீழே பாறை இடுக்கில் அவர் உடல் கிடைத்தது. உடம்பில் நீச்சல் கால்சட்டை, மண்டையில் காயம். கடற்கரையில் முதல் வரிசையில் அவருடைய குடை, குடைக்கடியில் நாற்காலி, நாற்காலியில் மடித்து வைத்த சட்டை.

"குளிக்கப் போனாரு, நரம்பு இழுத்திருக்கும், பாறையில மோதிட்டாருங்கிறாரு சார்ஜென்ட்டு. கார்மேல் மாதா படகேறி கடல ஆசீர்வதிக்க இன்னும் மூணு நாள் இருக்கு. அதுக்கு முந்தி குளிச்சா ஆகாது; எலிசேயோ கால் நனைப்பாரா?" என்றாள் அம்பாரோ.

"இப்பல்லாம் அத யாரு பாக்குறா?" என்றார் நிகாசியோ. "என் பொண்ணுங்க மே மாசமே குதிக்குதுங்க."

"உன் பொண்ணுங்களும் சூரைமீன்காரர் மகன் எலிசேயோவும் ஒண்ணா? அவரோட அண்ணன் அப்படிக் குதிச்சுத்தான பதினாறு வயசுல போனாரு? குடைய நட்டு, நாற்காலியில உக்காந்து, படிப்பாரு. அவ்வளவுதான். பதினாறாம் தேதி வரைக்கும் செருப்பக்கூடக் கழட்ட மாட்டாரு," என்றாள் அம்பாரோ.

லியோகாதியா புட்டியை மூடினார். "சார்ஜென்ட் சலமான்காக்காரர், கடலில்லாத ஊரு. அவருக்கு இது தெரியாது. சரி, நீ இவ்வளவு பதறி வந்தது அவருக்காக மட்டுமா?"

அம்பாரோ பக்கத்திலிருந்த எடைக் கருவியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். முள் எண்பத்திரண்டில் போய் நின்றது. நிகாசியோ மரியாதையாக வேறுபக்கம் பார்த்தார்.

"திங்கக்கிழமை சொல்றேன்னாரு, தோன்யா. மாதா திருநாளன்னிக்கி. எங்கப்பா எங்க கிடக்காருன்னு."

அம்பாரோவின் அப்பா சூரைமீன் வலை பின்னுகிறவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பது ஏப்ரலில், உள்நாட்டுப் போர் முடிந்த மறுவாரம், வென்ற படையினர் வலைக்கிடங்கிலிருந்து அவரையும் சேர்த்து ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அப்போது அவளுக்கு நான்கு வயது. எங்கே போனார்கள் என்று வாய்விட்டுக் கேட்கவே ஊருக்கு இப்போதுதான், சர்வாதிகாரி செத்த பிறகு, நாற்பது வருடம் கழித்துத் தைரியம் வந்திருந்தது. விடையைக் கண்டுபிடித்த ஒரே மனிதர் பாறையில் கிடந்தார். அவரோடு அதுவும் போய்விட்டது என்றால், இந்தப் பெண் யாரிடம் போய்க் கேட்பாள்?

"அவர் கண்டுபிடிச்சது யாருக்கெல்லாம் தெரியும்?" என்றார் லியோகாதியா.

"ஹோட்டல் பெர்னாத்துக்கு. புத்தகத்துக்குக் காசு குடுக்கிறதே அவருதான? அப்புறம் காஸ்மே அப்பாவுக்கு நானே சொன்னேன்." காஸ்மே நகரசபைச் செயலாளர், அவளுடைய ஞானத்தகப்பன். போருக்குப் பிறகு தாமதமாக நடந்த ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்தியதிலிருந்து அவரை அவள் அப்பா என்றே கூப்பிடுவாள். "பாவம், கேட்டதும் அப்படியே உக்காந்துட்டாரு. பால்கனியில கடை வச்சுக்கன்னு பதினெட்டு வயசுல எனக்கு உரிமம் குடுத்தவரு அவருதான். என்ன, அந்த வெயில்தான் ஆளக் கொல்லுது. பைன் மர நிழலுக்கு நகர்த்திக்கிறேன்னு பத்து மனு குடுத்துட்டேன். சட்டத்துல இடமில்ல, ஒரு சாண்கூட நகரக்கூடாதுங்கிறாரு." அவள் தன் வலதுகையைப் பார்த்தாள். முழங்கை வரை தோல் வெந்து கறுத்திருந்தது.

நிகாசியோ தபால் பையோடு கடற்கரைக்கு ஓடினார்.

முதல் வரிசை என்பது பெனிமராவில் சாதாரண விஷயமில்லை. விடிந்ததும் வந்து, தண்ணீரோரமாகக் குடையையும் நாற்காலியையும் நட்டு இடம்பிடித்துவிட்டு, காப்பி குடிக்கப் போய்விடுவார்கள். அடுத்தவன் குடையைத் தொட்டவனோடு சாகும்வரை பேச்சுவார்த்தை இருக்காது. எலிசேயோவின் குடையைச் சுற்றி போலீஸ் நான்கு குச்சி நட்டுக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு வெளியே ஜெர்மன்காரர்களும் அவர்கள் பிள்ளைகளும் மணலை மிதித்துக் குழப்பியிருந்தார்கள். கயிற்றுக்கு உள்ளே மட்டும், தினமும் மணலைச் சுத்தம் செய்யும் நகரசபை டிராக்டர் வாரிய கோடுகள் அழியாமல் இருந்தன. நேராக வந்த கோடுகள் குடைக்கருகே வளைந்து, சுற்றி, மறுபடி நேராகப் போயின. நாற்காலிக்கடியில் சூரியகாந்தி விதைத் தோல்கள் கைப்பிடியளவு சிதறிக் கிடந்தன. நிகாசியோ எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

ஹோட்டல் முதலாளி பெர்னாத் மீசையைத் தடவிக்கொண்டே பேசினார். அவரும் மீனவர் மகன்தான்; அதை மறக்கடிக்கத்தான் வெள்ளைக் கோட்டும் சுருட்டும். "வெளிநாட்டுக்காரன் வெயிலுக்காக வர்றான், தபால். எலும்பப் பாக்க வரல. அந்த அத்தியாயத்த எடுத்துருன்னு சொன்னேன், சத்தமாத்தான் சொன்னேன். அதுக்காக ஆளக் கொல்லுவேனா? ராத்திரி பூரா இங்கதான் இருந்தேன். நான் தூங்கியே வருஷமாச்சு. அஞ்சு மணிக்கு அந்தப் பாழாப்போன டிராக்டர் கத்த ஆரம்பிச்சா ஒவ்வொரு அறையிலிருந்தும் புகார். வாரம் ஒரு கடிதம் எழுதுறேன் நகரசபைக்கு, நீதான கொண்டுபோற?"

எலிசேயோவின் கையெழுத்துப் பிரதியை அவர் மேசையில் எறிந்தார். கடற்கொள்ளையர், சூரைமீன் வலை, நீலக் குவிமாடக் கோயில் எல்லாம் இருந்தன. பன்னிரண்டாம் அத்தியாயத்தின் தலைப்பு "கடல் பால்கனி." அதற்குக் கீழே ஒரே ஒரு வரி: அம்பாரோவிடம் சொன்ன பிறகே அச்சுக்கு.

அடுத்து நிகாசியோ காஸ்மேயை நகரசபையில் பார்த்தார். முப்பத்தொன்பதில், வெற்றி பெற்ற படையோடு இருபத்தோரு வயது எழுத்தராகக் கடலில்லாத உட்பகுதியிலிருந்து வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். மழித்த கன்னம், கறுப்பு டை, பளபளக்கும் காலணி. அந்தக் காலணியில் மணல் ஒட்டி இத்தனை வருடத்தில் யாரும் பார்த்ததில்லை. எலிசேயோ பேரைச் சொன்னதுமே அவர் கண் கலங்கிவிட்டது. அது நடிப்பில்லை என்று நிகாசியோ சத்தியம் செய்வார்.

"காலையில ஆறரைக்கு நடைபாதையில போனேன். குடைய நட்டுக்கிட்டிருந்தாரு. என்னப் பாத்துக் கையக்கூட ஆட்டினாரு, நிகாசியோ. கடைசியாப் பாத்தது நான்தான் போல."

மருந்துக்கடைக்குத் திரும்பியபோது நிகாசியோவின் முடிவு தயாராக இருந்தது. "பெர்னாத்துதான். ஆறரைக்கு எலிசேயோ உயிரோட இருந்திருக்காரு. குடைய நட்டாரு, விதை கொறிச்சாரு. ஏழு மணி வாக்குல அவர ஆசை காட்டி பாறைப்பக்கம் கூட்டிட்டுப் போயி..."

"எலிசேயோ விதை கொறிச்சாரா?"

"கைப்பிடி தோலு கிடக்குது, தோன்யா!"

"மாசாமாசம் பல் செட்டுப் பசை என்கிட்டதான வாங்குறாரு? ஆறு வருஷமா அவர் ரொட்டியவே காப்பியில நனைச்சுத்தான் சாப்பிடுறாரு," என்றார் லியோகாதியா. பிறகு சன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார். "டிராக்டர் ஓட்டுற பாஸ்குவால்கிட்டப் போ. ஒரே ஒரு கேள்வி கேளு. கேட்டதும் வாய மூடிக்கிட்டு வந்துரு. உனக்கு ரெண்டாவதுதான் கஷ்டம்."

திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு லியோகாதியா நாற்காலியை விட்டு எழுந்தார். கடல் பால்கனிக்கு ஏறும் தொண்ணூறு படிகளையும் மூச்சு வாங்க ஏறினார். பழைய பீரங்கித் திட்டை ஐம்பத்திரண்டில் வெள்ளைக் கல் பாவி, கைப்பிடிச் சுவர் எழுப்பிக் கட்டிய இடம் அது. பெனிமராவுக்கு வந்த யாரும் அங்கே நின்று படம் எடுக்காமல் ஊர் திரும்பியதில்லை. நட்டநடுவே அம்பாரோவின் தகரக் கடை நின்றது. கீழே கொடி கட்டிய படகுகள் மாதாவுக்காகக் காத்திருந்தன. சார்ஜென்ட், பெர்னாத், காஸ்மே மூவரையும் நிகாசியோ முன்பே கூட்டி வந்திருந்தார். அம்பாரோ எல்லோருக்கும் அந்த ஊர்க் குளிர்பானமான கோரைக்கிழங்குப் பால் ஊற்றி வைத்தாள். யாரும் குடிக்கவில்லை.

"தோன் காஸ்மே," என்றார் லியோகாதியா, "எலிசேயோ ஆறரைக்குக் குடை நட்டத நீங்க பாத்தீங்க. டிராக்டர் வாரிட்டுப் போன மணல்லதான?"

"ஆமா, தோன்யா. அப்பத்தான் வாரியிருந்தாங்க. சுத்தமா இருந்துச்சு."

"அந்தக் குடைக்கடியில மணல் வாரவே இல்ல, தோன் காஸ்மே. முந்தின நாள் கூட்டம் துப்பின விதைத்தோல் அப்படியே கிடந்துச்சு. பல் இல்லாத எலிசேயோ துப்பினதில்ல அது. கோடெல்லாம் குடையச் சுத்தி வளைஞ்சு போச்சு. வாரின மணல்ல நட்ட குடைய எந்தக் கோடும் சுத்திப் போகாது."

"நான் கேட்டேன்!" என்றார் நிகாசியோ, இனி அடக்க முடியாமல். "அஞ்சு மணிக்கே அந்தக் குடை நின்னுச்சாம். திட்டிக்கிட்டே சுத்திப் போனானாம் பாஸ்குவால்."

"ஏன் அவன் எங்ககிட்டச் சொல்லல?" என்றார் சார்ஜென்ட்.

"நீங்க கேக்கல," என்றார் லியோகாதியா. "அப்ப, அஞ்சு மணிக்கு முந்தியே, இருட்டுல யாரோ நட்டுட்டாங்க. எலிசேயோ காலையில உயிரோட இருந்தாருன்னு காட்ட. பெர்னாத்தா இருந்தா அந்தத் தப்பு வராது. டிராக்டர் சத்தம் அவருக்குத் தூக்கத்துலயும் கேக்கும். மாதா திருநாளுக்கு முந்தி ஒரு சூரைமீன்காரர் மகனுக்கு நீச்சல் கால்சட்டையும் மாட்டி விட மாட்டாரு. அவரும் இந்தக் கரையில பொறந்தவரு. மணல்ல கால் வைக்காத ஆளுக்குத்தான் இது ரெண்டும் தெரியாது. பாக்காத ஒண்ணப் பாத்தேன்னு சொன்னதும் ஒரே ஆளுதான்."

பெர்னாத் சுருட்டைக் கீழே போட்டு மிதித்தார். காஸ்மே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார். மறுப்பார் என்று நிகாசியோ எதிர்பார்த்தார். அவர் மறுக்கவில்லை.

"ஏழு பேர் பட்டியல என் கையாலதான் எழுதினேன்," என்றார். "சுட்டது நானில்ல. எழுதினேன், குழி மூடுறவரைக்கும் பக்கத்துல நின்னேன். அத எலிசேயோ படைக் காகிதத்துல பாத்துட்டாரு. போலீஸுக்குப் போகல. என்கிட்ட வந்தாரு. 'அவ புத்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்க வேணாம், காஸ்மே. நீயே சொல்லிரு. திருநாள் வரைக்கும் காத்திருக்கேன். அதுக்குள்ள நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன்'னாரு. நல்ல மனுஷன். வியாழக்கிழமை பொழுது சாஞ்ச பிறகு இங்க கூட்டிட்டு வந்து கெஞ்சினேன். வேண்டாம்யா, அவ என்ன அப்பான்னு கூப்பிடுறான்னேன். அதுக்காகத்தான் நீ சொல்லணும்னாரு. இந்தச் சுவர் ரொம்பக் குட்டை..."

அதற்குமேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவரைத் தள்ளிவிட்டு காஸ்மே கீழே பாறைக்கு இறங்கிப்போனதும், எலிசேயோவின் பூட்டாத வீட்டிலிருந்து குடையும் நாற்காலியும் எடுத்ததும், நீச்சல் கால்சட்டையை உடலுக்கு மாட்டியதும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. எலிசேயோவைக் கொன்றது அந்த நல்ல மனசுதான் என்று நினைத்தபோது நிகாசியோவுக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது.

அம்பாரோ கடைக்குள் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டாள். அழவில்லை.

"எங்கப்பா எங்க?" என்றாள்.

காஸ்மே தலை நிமிரவில்லை. அவர் பார்வை தகரக் கடையின் அடியில், வெள்ளைக் கல்லில் நிலைத்திருந்தது.

"பத்து மனு குடுத்த, அம்பாரோ," என்றார் லியோகாதியா. அவர் குரல் அப்படி உடைந்து நிகாசியோ கேட்டதே இல்லை. "ஒரு சாண்கூட நகர்த்தவிடல. கடை நிக்கிற இடத்துல யாரும் குழாய் புதைக்கக்கூட மண்ணத் தோண்ட மாட்டாங்க."

"உனக்கு ஒரு பிழைப்பு வேணும்னுதான்..." என்று ஆரம்பித்தார் காஸ்மே. "அவரு பக்கத்துலயே நீ இருக்கணும்னும் நெனச்சேன், மகளே. ரெண்டும் உண்மைதான்."

"மகளேங்காத."

சார்ஜென்ட் காஸ்மேயின் தோளைத் தொட்டார். இருவரும் படியிறங்கிப் போனார்கள். பெர்னாத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றார். கீழே மாதா படகேறிவிட்டாள். எல்லாப் படகுகளும் ஒரே சமயத்தில் சங்கு ஊதின.

ஒரு வெளிநாட்டுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, எலுமிச்சை ஐஸைக் காட்டி இரண்டு விரலை நீட்டினாள். அம்பாரோ பழக்கத்தில் பெட்டியின் மூடியைத் திறந்தாள். கரண்டியைக் கையில் எடுத்தாள். பிறகு அதை உள்ளேயே வைத்து மூடினாள்.

"இன்னிக்கி கடை இல்லம்மா," என்றாள்.

கைநீட்டி மின்விசையை அணைத்தாள். இருபத்தாறு வருடமாக ஒவ்வொரு கோடையிலும் ஓடிய ஐஸ்பெட்டியின் மோட்டார் ஒரு குலுக்கு குலுக்கி ஓய்ந்தது. மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். கடையின் சின்னக் கதவைத் திறந்து, வெளியே வரக் காலைத் தூக்கினாள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், தகரச் சட்டத்தை ஒரு கையால் பிடித்தபடி அப்படியே நின்றாள்.