முத்தாயியின் மூன்றாவது மகன்

"அவதான் சார்... என் புள்ளைக்கு வெசம் வெச்சவ."

1959. மலாயாவில் ரெம்பியா ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். தொழிலாளர் லயத்து வாசலில், பாயில் கிடந்தது அந்தச் சின்னச் சடலம்.

தாய் முத்தாயி அழவில்லை. அவள் விரல் மட்டும் நீண்டிருந்தது... புருஷனின் அக்கா பெரியநாயகியை நோக்கி.

"மூத்தவனும் இப்படித்தான் போனான். நடுவுலவனும் இப்படித்தான். நான் மரம் சீவப் போனா இவதான் கஞ்சி ஊத்துவா. புள்ள இல்லாதவ... வயித்தெரிச்சல்."

பெரியநாயகி முந்தானையை இழுத்துச் சொருகினாள். போலீஸ் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள்.

மலாக்கா டவுன். பிரேதப் பரிசோதனை முடித்த டாக்டர் ராமையா கையைத் துடைத்தார்.

"வெசம் இல்ல, இன்ஸ்பெக்டர்."

இன்ஸ்பெக்டர் தங்கராஜு நிமிர்ந்தார்.

"அப்புறம்?"

"ஈரல் பூரா சீழ்க்கட்டி. கிருமி உள்ள வந்தா ரத்தத்துல இருக்குற வெள்ளணுங்க ஓடிவந்து கொன்னுடும். இவனுக்கும் ஓடிவந்திருக்கு. கூடிக் கூடி, வீங்கி நிக்குது... கொல்ல மட்டும் முடியல."

"ஏன்?"

"யாருக்கும் தெரியாது. இப்பதான் வெளிநாட்டுல எழுதுறாங்க. பையனுங்களுக்குத்தான் வருதாம்... தாய் வழியா. அந்தம்மாவோட கூடப்பொறந்த ஆம்பளைங்க இருக்காங்களா?"

தங்கராஜு குறிப்பேட்டைப் புரட்டினார்.

"தம்பிங்க ரெண்டு பேர். சின்னதுலயே செத்துட்டாங்களாம்."

லாக்கப் கதவைத் திறந்து, எல்லாவற்றையும் பெரியநாயகியிடம் சொன்னார். எழுந்தவள், மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

"கதவ சாத்துங்க சார்."

"நீ ஒண்ணும் செய்யலம்மா. வீட்டுக்குப் போலாம்."

"நான் செய்யலன்னா, அவ ரத்தந்தான்னு சொல்லணும்ல? தாங்குவாளா அவ? வயித்துல இன்னொண்ணு வேற இருக்கு. என்மேல உள்ள கோவத்துலதான் எந்திரிச்சு நடக்குறா... அது இருந்துட்டுப் போகட்டும்லா."

"அதுக்காக உன்ன உள்ள வெக்க முடியாது."

பெரியநாயகி எழுந்தாள்.

"அப்ப என்னை பாச்சாங் ஊருக்குப் போற பஸ்ல ஏத்தி விடுங்க. ஏதாச்சும் வீட்டு வேல கெடைக்கும். பொண்ணு பொறந்தா மட்டும் எனக்கு ஒரு சேதி சொல்லுங்க."

பஸ் போனது.

தங்கராஜு தோட்டத்துக்குத் திரும்பினார். முத்தாயி வாசலிலேயே நின்றாள்.

"எங்க சார் அவ?"

"இனி இந்தப் பக்கம் வரமாட்டா."

"நாசமாப் போவட்டும்."

முத்தாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். அப்போதுதான் அழுகைச் சத்தம் கேட்டது.

ஜீப் டிரைவர் மெதுவாகக் கேட்டான்.

"பெரியநாயகியம்மாவ ஏன் சார் விட்டுட்டீங்க?"

தங்கராஜு தொப்பியைக் கழற்றினார்.

"அவசரகாலச் சட்டத்துல குத்தம் செய்யாதவனையும் உள்ள தள்ளலாம்யா. தானா லாக்கப்புல எடம் கேக்குறவங்களுக்குத்தான் செக்‌ஷன் இல்ல."