நீலப் பிறைக் குறி

காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி வியாபாரம் செய்யும் ராஜபாளையம் சேக் முகைதீன், பேரம் பேசாமல் எதையும் வாங்கியதில்லை. பஸ் கண்டக்டரிடமே ஒருமுறை, "சேத்தூருக்குக் கொஞ்சம் கொறைச்சுப் போடுங்க" என்று கேட்டுப் பார்த்தவர். அப்படிப்பட்டவர், மதுரைத் தங்கம் தியேட்டருக்கு வீட்டில் எல்லோரையும் கூட்டிப்போவதாகத் தானாகவே வாய்விட்டுவிட்டார்.

"ஆசியாவிலேயே பெரிய தியேட்டராம்!" என்று அவர் மகள், ஆறாம் வகுப்பு சம்சாத், பள்ளிக்கூடம் பூராவும் சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் திட்டம் போட உட்கார்ந்தார்கள்.

"காலையில முதல் பஸ்சு. மத்தியானக் காட்சி. சோறு கட்டிக்கிடுவோம்" என்றார் அத்தா சேக் முகைதீன். "ஆனா கபீர் வேண்டாம்."

ஐந்து வயதுத் தம்பி கபீரின் வாயில் முறுக்கு பாதியில் நின்றது.

"ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரோட்டத்துல இவனைத் தேடியே என் செருப்பு தேஞ்சுபோச்சு. தங்கத்துல அம்புட்டு சனத்துக்குள்ள நழுவுனாம்னா எங்க போயித் தேட?"

கபீர் அழவில்லை. மெதுவாகக் கேட்டான்: "அக்கா, அது எம்புட்டுப் பெருசுன்னு வந்து சொல்லுவியா?"

சம்சாத்துக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. "அவன் வரலைன்னா நானும் வரலை."

"ஏட்டி, ஊரெல்லாம் தமுக்கடிச்சவளே நீதான!" என்று சிரித்தாள் அம்மா ரஹ்மத்துன்னிசா.

"சரி, அவன் தொலையாம இருக்க ஒரு வழி சொல்லு. கூட்டிட்டுப் போறேன்" என்றார் அத்தா.

"பேச்சு மாறக்கூடாது!" அப்பனுக்குத் தப்பாத மகள், முதலில் பேரத்தை முடித்துக்கொண்டாள்.

வீட்டின் முன்னறையில் திங்கட்கிழமை லாரிக்குப் போகவேண்டிய துணிச் சிப்பங்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் நீல மையில் ஒரு பிறை. சம்சாத் அதையே பார்த்தாள்.

"அத்தா, லாரி ஆபீசுல ஊர்ப்பட்ட சிப்பம் கிடக்குமே. நம்மளதை எப்படிக் கண்டுபிடிக்கீங்க?"

"நம்ம குறியைப் பாத்துத்தான்."

"அப்ப கபீருக்கும் குறி போட்ருவோம். கையில ஒரு கட்டு, அதுல நீலப் பிறை."

அத்தா வாயைத் திறக்குமுன் அவள் தொடர்ந்தாள். "அவனுக்கு மட்டும் கட்டினா வெக்கப்படுவான். எல்லாரும் கட்டிக்கிடணும்."

"நானுமா? மதுரையில எனக்குத் தெரியாத சந்து உண்டா?"

"பேரம் முடிஞ்சுபோச்சு. கையை நீட்டுங்க" என்றாள் அம்மா.

மறுநாள் தியேட்டர் வாசலில் அண்ணாந்து பார்த்த கபீருக்குத் தொப்பி கீழே விழுந்தது. டிக்கெட் கிழிப்பவர் நால்வர் கைகளையும் பார்த்துத் திகைத்தார்.

"என்னம்மா, வந்த பஸ்சு கவுந்துருச்சா? குடும்பத்துக்கே கட்டு!"

"அடியில்லைங்க, அடையாளம்! எங்க அத்தா சிப்பத்துல போடுற குறி!" என்றான் கபீர், மார்பை நிமிர்த்தி.

இடைவேளையில் அத்தா கடலை வாங்கப் போனார். மணி அடித்தது. விளக்கு அணைந்தது. படமும் ஓடத் தொடங்கியது. கபீர் அக்காவின் பக்கத்தில் சமர்த்தாக இருந்தான். அத்தாவைத்தான் காணவில்லை.

அம்மா எழுந்து நின்று எட்டிப் பார்த்தாள். அந்த இருட்டில் எல்லாத் தலைகளும் ஒன்றுபோல் இருந்தன. சம்சாத் தம்பியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது டார்ச் வெளிச்சம் ஒன்று வரிசை வரிசையாக வந்தது. டிக்கெட் கிழிப்பவர்! அவர் பின்னால், கடலைப் பொட்டலத்தோடு அசடு வழிய அத்தா.

"இந்தச் சிப்பம் உங்களுதுதான? வேற வாசல்ல நின்னு முழிச்சிக்கிட்டிருந்தாரு. கட்டைப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு."

"எங்க அத்தாதான்! குறி இருக்குல்லா!" என்று துள்ளினான் கபீர்.

"நல்ல யோசனை. யாரு போட்டது?"

மதுரையில் தெரியாத சந்தே இல்லாத சேக் முகைதீன், கடலைப் பொட்டலத்தை மகள் கையில் வைத்தார்.

"எம் மக போட்டது!" என்றார், பால்கனி வரைக்கும் கேட்கும்படி.