நாக்கில் ஒட்டிய வாசல்

நானும் என் மனைவியும் ஒரே தபால் அலுவலகத்தில் வேலை. அவள் கவுன்டரில், நான் அவளுக்குப் பின்னால், முத்திரை குத்தும் மேசையில். அன்று காலை நாங்கள் போனபோது புதிய தபால்தலைக் கட்டு வந்திருந்தது. எப்போதோ இடிக்கப்பட்ட பழைய ஊர்வாசல் கோபுரத்தின் படம். கருங்கல் கோபுரம், அடியில் சாத்திய இரட்டைக் கதவு. பார்க்க ஒன்றும் அழகாக இல்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு கம்பெனிக் கடிதங்கள் மூட்டையாக வந்தன. எல்லாரும் ஈரப் பஞ்சில் தொட்டுத்தான் தபால்தலை ஒட்டுவோம். அவள் மட்டும் நாக்கில். பஞ்சில் தொட்டால் வழுக்கிக் கோணலாகும் என்பாள்.

"அக்கா நாக்கு இருக்கிற வரைக்கும் இந்த ஆபீஸுக்குத் தண்ணியே வேணாம்" என்றான் தபால்காரன்.

"உன் நாக்குல ஊர் வம்புதான் ஒட்டும். போய் வேலையப் பாருய்யா."

சிரித்தவள் சட்டென்று முகத்தைச் சுளித்தாள்.

"என்னங்க, இது பசை மாதிரியே இல்ல. சாம்பல நக்குற மாதிரி இருக்கு."

"பஞ்ச எடுத்துக்கயேன்."

"இன்னும் கொஞ்சம்தானே."

நக்கியே முடித்தாள். முத்திரை குத்தும்போதுதான் கவனித்தேன். அவள் ஒட்டிய தபால்தலைகளில் எல்லாம் கோபுரக் கதவு திறந்திருந்தது. மேசையில் மிச்சமிருந்த தாளில் சாத்தியே இருந்தது. அச்சுக் கோளாறு என்று நினைத்துக் குத்தித் தள்ளினேன். தபால் பை வண்டி ஏறிப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பல்லுக்குப் பின்னால யாரோ தட்டுறாங்க."

கிண்டல் செய்துகொண்டே அவள் கன்னத்தில் காதை வைத்தேன்.

டக். டக்.

கதவைத் தட்டும் சத்தம். உள்ளிருந்து.

மறுநாள் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு எட்டிப் பார்த்தார். அவர் கை அப்படியே நின்றது.

"வாய மூடுங்கம்மா" என்றார் மெதுவாக.

"என்ன டாக்டர்?"

"கூட்டிட்டுப் போயிடுங்க. திறக்க விடாதீங்க."

எங்கள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்க் கை கழுவ ஆரம்பித்தார். நாங்கள் படி இறங்கும்வரை குழாய்ச் சத்தம் நிற்கவில்லை.

தபால்காரனிடம் சொன்னேன். இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

"எங்கப்பா சொல்வாருண்ணே. ஊர்ல கொள்ளைநோய் வந்தப்போ அந்தக் கோபுரக் கதவ வெளிய இருந்து பூட்டிட்டாங்களாம். உள்ள இருந்த சனம் தட்டிக்கிட்டே கெடந்துச்சாம்."

"அப்புறம் எப்போ திறந்தாங்க?"

"எங்க திறந்தாங்க? எல்லாம் அடங்கினதும் கோபுரத்தோட இடிச்சுப் போட்டுட்டாங்க."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டே வாழ்ந்தாள். தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டிவிட்டேன். உதட்டோரம் உறிஞ்சுகுழல் வைத்துச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். டம்ளர் மடமடவென்று காலியானது. அவள் கண்ணில் நீர் வழிந்தது.

"எனக்கு ஒரு சொட்டு இறங்கலங்க" என்றாள் பல்லிடுக்கில். "அவங்க குடிக்கிறாங்க."

கன்ன எலும்பு துருத்த ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் வாயைத் திறக்கச் சொன்னார்கள். கையை உதறிக்கொண்டு ஓடி வந்துவிட்டாள். திறக்காவிட்டால் சாவாள். திறந்தால் என்ன ஆகும் என்று சொல்ல ஆளில்லை.

ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்தாள்.

"குழந்தைங்க அழுவுதுங்க."

"திறக்காதடி."

"என்னால முடியலங்க."

இரண்டு கையாலும் அவள் தாடையை அழுத்திப் பிடித்தேன். நாள் முழுக்க முத்திரை குத்திய கை, பலமான கைதான். ஆனால் எதிரே தள்ளியது ஒரு ஆளின் பலம் இல்லை.

துணி அறுந்தது.

வாய் திறந்தது.

எதுவும் வெளியே வந்து நான் பார்க்கவில்லை. ஜன்னல் திரை மட்டும் ஒருமுறை உப்பி அடங்கியது. அவள் எழுந்து உட்கார்ந்து, "பசிக்குது" என்றாள். வைத்ததையெல்லாம் சாப்பிட்டாள். நான் சுவரில் சாய்ந்து விம்மி விம்மி அழுதேன். பிழைத்துவிட்டாள்.

இப்போது ஒழுங்காக வேலைக்கு வருகிறாள். உடம்பு தேறிவிட்டது. என்னை மட்டும் "ஐயா" என்று கூப்பிடுகிறாள்.

நேற்று விடுமுறை. சாப்பிட்டுப் படுத்தவள் அயர்ந்து தூங்கினாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. போர்த்திவிடக் குனிந்தேன்.

அந்த வாய்க்குள்ளிருந்து, மிகத் தொலைவிலிருந்து வருவதுபோல், என் மனைவியின் குரல் கேட்டது.

"என்னங்க... இங்க ரொம்ப இருட்டா இருக்குங்க. என்னை எப்படியாவது வெளிய எடுங்க."

"இங்கதான் இருக்கேன்" என்றேன்.

படுத்திருந்தவள் கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தபடியே, மெதுவாக, வாயை மூடிக்கொண்டாள்.