தூங்காத வலது கை

கட்டிலின் இரும்புச் சட்டத்தில் பக்தவச்சலத்தின் இடது கை ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் நின்றால் மனுஷன் தூங்கிவிட்டார் என்று அவர் மனைவி வச்சலா அடுப்படியிலிருந்தே தெரிந்துகொள்வாள். நடுக்குவாதம் அவரைத் தூக்கத்தில்தான் கொஞ்சம் விட்டுவைத்தது. அன்று மத்தியானமும் தட்டல் நின்றது. ஆனால் வேறொரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நைலான் நூல் விரலில் உரசி இழுபடும் சத்தம்.

தினமும் கேட்பதுதான். இன்று ஏனோ அடுப்பைத் தணித்துவிட்டுக் காது கொடுத்தாள்.

இடதைப் போலவே நடுங்கிய வலது கையைத் திருப்பித் தந்தது சென்னையில் நடந்த ஒரு ஆராய்ச்சி. மண்டையின் இடப்பக்கம் ஓட்டை போட்டு, நோய் தராத கிருமி ஒன்றில் மரபணுவை ஏற்றி மூளைக்குள் விட்டார்கள். முதலில் ஒரு பக்கம்தான், குணம் தெரிந்தால் மறுபக்கம் என்றார்கள். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். சுனாமியில் படகு போனபோதுகூட அழாத ஆள், சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் அழுததை வச்சலாவால் பார்க்க முடியவில்லை. நச்சரித்து அனுப்பிவைத்தாள்.

நடுக்கம் நின்றது. தன் கையாலேயே மீன்குழம்பு பிசைந்து சாப்பிட்டார் பாவம், குழந்தை மாதிரி. பிறகு ஒருநாள் அவர் அயர்ந்து தூங்கும்போது அந்தக் கை மட்டும் காற்றில் வலை கட்டியது. வலை கட்டிப் பழகிய பழைய கை வந்துவிட்டதென்று பூரித்துப்போய், நூல்கண்டை எடுத்து அதன் விரலிடுக்கில் வைத்தாள். ஒற்றைக் கையாலேயே முடிச்சுப் போட்டது. விழித்துப் பார்த்தவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அது என் கை இல்லடி. நான் தூங்கறப்போ அதாண்ட நூல் குடுக்காத."

"உன் கை இல்லாம யார் கையாம்? சும்மா கெடய்யா" என்றாள் வச்சலா. இன்றும் நூலை வைத்துவிட்டுத்தான் அடுப்படிக்கு வந்திருந்தாள்.

ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். சதுரங்கப்பட்டினத்துக் கடற்காற்று ஜன்னல் கதவை அடித்துக்கொண்டிருந்தது. கருவாட்டு வாடை, தைல வாடை, சுனாமிக்குப் பிறகு கட்டித்தந்த வீட்டின் கான்கிரீட் கூரை வெயிலை வாங்கி இறக்கும் புழுக்கம். வலது கை வலை கட்டிக்கொண்டே இருந்தது. பாதத்தைத் தொட்டாள். சில்லிட்டிருந்தது. மூக்கருகே விரல் வைத்தாள்.

மூச்சு இல்லை.

"யோவ். ஏந்திருய்யா."

மார்பில் விழுந்தாள். போகமாட்டேன் என்றவரைப் பிடித்துத் தள்ளியவள் நான்தானே என்று நெஞ்சு வெடிக்க அழுதாள்.

பிடரியில் நூல் பட்டது.

கழுத்தைச் சுற்றி வந்தது. ஒரு முடிச்சு. இன்னொன்று. கல்யாணத்தன்று தாலி முடிச்சை அவர் இரண்டோடு நிறுத்த, மூன்றாவதை நாத்தனார் செங்கம்மாள் போட்டாள். இன்று அதையும் அந்தக் கையே போட்டது. வச்சலா அசையவில்லை. பயமா, பாசமா, அவளுக்கே தெரியவில்லை.

இடது கை ஆடாமல் கிடந்தது.

தாலிக்கு மூன்று போதும். வலைக்குப் போதாது. விரல்கள் நூலை இழுத்து இறுக்கின. நான்காவதைப் போட ஆரம்பித்தன.